ஆள் வந்தால் எரியும் விளக்கு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. மாடித் தொட்டி காலி. சரி, மோட்டாரைப் போடலாம் என்று சுவிட்சைத் தட்டினேன். சத்தமே இல்லை. வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் போய்ப் பார்த்தால்... மோட்டாரே இல்லை.

முந்தின நாள்தான் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூ சுற்றி, கற்பூரம் காட்டியிருந்தேன். பூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் கொண்டுபோயிருந்தான். பக்திமான் போலிருக்கிறது.

மயிலாப்பூரில் மோட்டார் திருட்டுப் போவது அதிசயமா என்ன? இந்த வருஷம் எங்கள் தெருவிலேயே இது மூன்றாவது. எனக்குக் கோபம் திருடன் மேல் அல்ல. விளக்கின் மேல்!

இக்பால் பாய் எங்கள் பேட்டையின் எலெக்ட்ரீஷியன். ரிச்சி தெருவில் அலைந்து பாகங்கள் வாங்கி, சென்சார் வைத்த ஒரு விளக்கைத் தானே செய்து, புரட்டாசி ஆரம்பத்தில் எங்கள் சந்தில் மாட்டிக் கொடுத்தார். இருட்டியபின் யாராவது நடந்தால் தானாக எரியும். ஒரு நிமிஷத்தில் தானாக அணையும். சின்னத் தகரப் பெட்டி, அதன் முன்னால் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழ். அதுதான் அதன் கண்ணாம். மனித உடம்பின் சூடு அசைந்தால் அது கண்டுபிடித்துவிடும் என்றார்.

கண்டுபிடித்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்க மாப்பிள்ளைகள் லீவில் வந்து அளக்கிற சமாச்சாரம், எங்கள் வீட்டுச் சந்தில் எரிகிறது. கொலு பார்க்க வந்தவர்களை, "சுண்டல் இருக்கட்டும், முதல்ல சந்துல ஒரு நடை நடந்துட்டு வாங்கோ" என்று அனுப்பினேன். நடந்தவர்களில் நாலு பேர் தங்கள் வீட்டுக்கும் ஒன்று வேண்டுமென்று பாயிடம் சொல்லிவைத்தார்கள். நாலு வீட்டு வேலை கையில் இருக்கிற தைரியத்தில் அவர் சொந்தமாகச் சின்னக் கடை போட இடம் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

அப்படிப்பட்ட விளக்கு, திருடன் வந்தபோது எரியவில்லை. எரிந்திருந்தால் சந்துப் பக்க ஜன்னலோரம் படுக்கிற நான் விழித்திருப்பேனே.

சொல்லியனுப்பியதும் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். வாசல் கேட்டிலேயே பிடித்துக்கொண்டேன்.

"என்ன பாய், உங்க விளக்குக்கு நேர் கீழே உக்காந்து சாவகாசமா கழட்டிண்டு போயிருக்கான். எதுக்கு அது, அழகுக்கா? இதை நம்பி நாலு பேருக்கு வேற சிபாரிசு பண்ணினேனே, என்னைச் சொல்லணும்."

இன்னும் நிறையப் பேசினேன். எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கோபம் வந்தால் வார்த்தைக்குப் பஞ்சமா? அந்த நாலு வீட்டுக்காரர்களும் அவரவர் கேட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாயின் முகம் சுண்டிப்போயிற்று.

"பாக்கறேன் சார்" என்றார். அவ்வளவுதான். எங்கள் ஏணியை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

ஏறினார். பார்த்தார். பிறகு இறங்கி வந்து, என்னைக் கூப்பிடாமல், சமையலறை ஜன்னல் பக்கம் போய் என் மனைவி வசந்தாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, ஒரு ஈரத்துணி எடுத்துக்கினு வாங்க. நீங்களே வந்தா நல்லது. சாமிக்கு வெச்சது மேல கீது. நான் கை வெக்கறது சரியா இருக்காது."

வசந்தா பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். நாலு படி ஏறிப் பார்த்தவள், திரும்பி என்னைப் பார்த்தாள். பரீட்சைப் பேப்பரில் முட்டை போடுவதற்கு முன் பார்க்கிற பார்வை.

"குமிழுக்குச் சந்தனக்காப்பே சாத்தியிருக்கேள். அப்புறம் அதுக்கு உடம்புச் சூடு எப்படித் தெரியும்?"

என்ன செய்வது? ஆயுத பூஜையன்று ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மிஷின், என் டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். புது விளக்கை மட்டும் விடலாமா? ஸ்டூல் போட்டு ஏறினேன். அந்தப் பெட்டியில் முகம் மாதிரி தெரிந்தது குமிழ்தான். புதுசாயிற்றே என்று சந்தனத்தைத் தாராளமாகவே அப்பினேன். நடுவில் குங்குமம் வேறு.

வசந்தா துடைத்தாள். பகலில் எரியாமலிருக்க அந்தப் பெட்டியில் இன்னொரு சின்னக் கண் உண்டு. பாய் அதை விரலால் மூடிக்கொண்டு மறுகையைக் குமிழின் முன் ஆட்டினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

இனி அவர் முறை என்று நினைத்தேன். வாசலில் நிற்கிற நாலு பேர் முன்னால் என்னை நார் நாராகக் கிழிக்கலாம். அதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது.

வாசலுக்குப் போனார். பக்கத்து வீட்டு சபேசன், "என்ன பாய், என்ன கோளாறு?" என்றார்.

"சின்ன லூஸ் கனெக்‌ஷன் சார். நம்ம மிஸ்டேக்குதான். சரி பண்ணிட்டேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அவருக்குப் பின்னாலேயேதான் நின்றேன். சற்று முன் அருவி மாதிரி கொட்டிய வாய் திறக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

சாயங்காலத்துக்குள் நாலு வீட்டுக்காரர்களும் "இப்போதைக்கு வேண்டாம் பாய்" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட வசந்தா என்னிடம் வந்தாள்.

"அவர் உங்க மானத்தைக் காப்பாத்தினார். நீங்க அவர் பிழைப்பைக் கெடுத்திருக்கேள்."

"இந்த வாரம் பத்திரிகையில எழுதிடறேன்."

"எழுதறது சுலபம். திட்டினது தெருவுலதானே? தெருவுல போய்ச் சொல்லுங்கோ."

மறுநாள் காலை நாலு வீட்டுப் படியும் ஏறினேன். ஒவ்வொரு வீட்டிலும் சந்தனக் கதையைச் சொன்னேன். சபேசன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, தன் ஸ்கூட்டரின் ஸ்பீடாமீட்டர் கண்ணாடியில் குங்குமம் வைத்துவிட்டு எந்த வேகத்தில் போகிறோம் என்றே தெரியாமல் அடையாறு வரை போய்வந்ததைச் சொன்னார். மூன்றாவது வீட்டில் டி.வி. திரைக்கு நட்டநடுவில் விபூதிப் பட்டையாம். செய்தி வாசிக்கிறவர்கள் எல்லாம் இரண்டு நாளாகப் பட்டையோடுதான் வாசிக்கிறார்களாம்! நாம் எந்த மெஷினைத்தான் பொட்டு வைக்காமல் நம்பியிருக்கிறோம்?

கடைசியாக பாய் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றும் கேட்டேன்.

"இன்னா சார் நீங்க. பெரிய மனுஷன் பொட்டு வெச்சுக் கெடுத்துட்டாருன்னு சொன்னா தெருவே சிரிச்சுக்கினு இருக்கும். என் வேலையில தப்புன்னா சரி பண்ணிக்கலாம். ஆனா ஒண்ணு சார். நான் போட்ட கனெக்‌ஷன் எதுவும் லூஸா இருக்காது. அது உங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

எனக்கு மட்டும் தெரிந்தால் போதாது. உங்களுக்கும் தெரியவேண்டும். இப்படி ஒரு தொழில்காரர், இப்படி ஒரு மனிதர் எங்கள் பேட்டையில் இருக்கிறார் என்பதில் எனக்குச் சொல்லி மாளாத பெருமை.

புது மோட்டார் வாங்கியாயிற்று. தீபாவளிக்குள் நாலு வீட்டிலும் விளக்கு வந்தாயிற்று. கடைக்கும் இடம் கிடைத்துவிட்டது.

நாலாவது வீட்டில் மாட்டும்போது நானும் போயிருந்தேன். எல்லாம் முடிந்ததும் பாய் அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, குமிழுக்கு எட்டாத தூரத்தில், தகரப் பெட்டியின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு கோடு போட்டார்.

"பொட்டு வெக்கறதா இருந்தா இங்க வைங்கம்மா."

எந்த அமெரிக்க விளக்கிலாவது இந்த வசதி உண்டா?