மீசைக்கு ஆகாத உப்பு

அவர் பேருந்து ஓட்டுநர். அவர் ஓட்டும் வண்டியில் தூங்கும் குழந்தைகூட விழிக்காது என்று பணிமனையில் பெயர். வாய்க்குத்தான் பிரேக் கிடையாது. மகள் வெளியூர் வேலைக்குப் பெட்டி கட்டிய அன்று, "போறவ அப்படியே போயிடு" என்று கொட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போனில் அவள் அவரிடம் கேட்பது ஒன்றுதான்: "மீசை எப்படி இருக்கு?"

மீசை என்பது அவள் விட்டுப்போன கண்ணாடித் தொட்டியில் அடிமணலைத் துழாவித் திரியும் கெளுத்தி. மேலே மோலி மீன்கள் ஓடும்.

மோலிகளுக்கு வெள்ளைப்புள்ளி நோய் கண்டபோது, வளர்ப்பு மீன் கடைக்காரர் தொட்டி உப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "மோலிக்கு இது மருந்துண்ணே. கெளுத்திக்குச் செதில் கிடையாது, தாங்காது. எல்லாம் ஒரே தொட்டியில கெடக்கே, பாதி அளவு போதும்."

அளவு பிசகாமல் போட்டார். புள்ளிகள் மறைந்தன. ஆனால் தொட்டி நீர் வற்றிக் குறைந்தபோதெல்லாம், ஊற்றும் தண்ணீரிலும் உப்பைக் கரைத்தார். தண்ணீரோடு உப்பும் போயிருக்குமே என்பது அவர் கணக்கு.

இந்த ஞாயிறு காலை மோலிகள் கும்மாளம் போட்டன. மீசை மேலே வந்து மூச்சுக்குத் தவித்தது.

மனைவி, அவர் உப்புக் கரைத்து வைத்திருந்த வாளியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். "அடுப்புல வச்சது சுண்டினா தண்ணிதானே போகும், உப்பு எங்க போகும்? உசுரோட கருவாடு போட்டுட்டீங்களே!"

போன் அடித்தது.

"நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள் மனைவி மெதுவாக.

சொல்லலாம். மீன் செத்தால் அவரிடம் கேட்பதற்கு மகளுக்கு வேறு என்ன இருக்கிறது? போனை எடுத்தார்.

"மீசை எப்படி இருக்கு?"

"நல்லா இல்லம்மா. நான்தான் உப்பைக் கூட்டிட்டேன்."

அவள் போனை வைத்துவிடுவாள் என்றே நினைத்தார்.

"உப்புப் போடாம பிடிச்சு வச்ச தண்ணி இருக்கா? ஒரேயடியா மாத்தாதீங்க, தாங்காது. கொஞ்சம் எடுங்க, கொஞ்சம் ஊத்துங்க."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குவளையால் மொண்டார்; நல்ல தண்ணீரைக் கண்ணாடியோரமாக, மணல் கலையாமல் இறக்கினார்.

"இப்ப?"

"அப்படியேதான் தவிக்குது."

"நிறுத்தாதீங்க. நான் போனை வைக்கல."

அவர் மறுபடி மொண்டார்.