சூசையப்பரின் நிறம்

அன்று கோயிலுக்குள் நின்றவர்கள் சுவாமியார், கோயில் சாவி வைத்திருக்கும் சங்கிலித்தாம், என் மனுசி, அவளின் தம்பி, கடைசியாக நான். பழைய சூசையப்பர் படத்தைச் சுவாமியார் ஆள் பிடித்துத் துப்புரவாக்குவித்து, அன்றுதான் திரும்பக் கொழுவுவித்தார்.

நான் வள்ளத்துக்குப் பெயின்ற் அடிக்கிறவன். முகம் கீறப் பழகியது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். யார் கீறியதோ தெரியாது, பெரிய கைகாரன். ஒரு மாரி முழுக்க அதற்கு முன்னால் இருந்து பார்த்துக் கீறினேன். சரிவந்தால் அடுத்தது உன் முகம் என்று மனுசிக்குச் சொல்லியிருந்தேன்.

இப்போது பார்த்தால் படத்தில் இருந்தவர் வெள்ளை, கன்னமும் சிவப்பு. பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் கீறிக் கொண்டுபோயிருந்தவர் நல்ல கறுப்பு. மெழுகுதிரிப் புகையை முகத்தின் நிறம் என்று நினைத்துப் பழகியிருக்கிறேன்.

"அத்தான், உங்கடை சூசையப்பர் எங்களோடை கரைவலை இழுத்தவர்போலை" என்றான் தம்பிக்காரன். சுவாமியாரும் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பெயின்ற் பிறஸ்ஸுகளைக் கழுவி ஒன்றாகக் கட்டினேன். "இனி முகம் கீறமாட்டன்" என்றேன்.

மனுசி மீன் வெட்டின கையைக் கழுவிவிட்டு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"நான் என்ன வெள்ளைக்காரியே? நீங்கள் பழகின நிறம் எனக்குப் போதும். கட்டை அவிழுங்கோ."

அவிழ்த்தேன். நிறம் அவளுக்குப் பிசகவில்லை. அடுத்த ஞாயிறு தம்பிக்காரனும் முகம் வழித்துக்கொண்டு வந்து இருந்தான். பிறகு அயல்சனமும் வந்தது. இன்றுவரை கீறின முகம் நாற்பத்தொன்று.