லிஸ்ட் இருக்கு, பாட்டு எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய ஒரு சின்ன ஹாலில், நூற்றைம்பது பேர் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தேன். மேடையில் சலங்கை கட்டிய பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, கை கூப்பியபடி நின்றுகொண்டிருந்தாள்.

பாட்டு வரவில்லை.

இந்த நிலைக்கு எப்படி வந்தேன்? சொல்கிறேன். என் மானம் போன கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் என்றால் நான்தான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை... சொந்தக்காரர்களில் முதலில் கம்ப்யூட்டர் வாங்கியவன் நான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இன்னும் உதிரவில்லை. யார் வீட்டில் பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் அபிராமபுரத்தில் இருக்கும் எனக்குத்தான் போன் வரும். நானும் இதுவரை ஒரு தடவைகூட 'எனக்குத் தெரியாது' என்று சொன்னதில்லை.

என் மச்சினி மாலதி மந்தைவெளியில் இருக்கிறாள். வீட்டு ஹாலிலேயே பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறாள். ஆண்டு விழாவுக்குப் பாடகர், மிருதங்கம், வயலின் என்று எல்லோரையும் மேடையில் உட்காரவைக்க அவளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில் பாட்டுகளைப் பதிவு செய்து, லேப்டாப்பில் வைத்திருக்கிறாள். விழாவுக்குப் பத்து நாள் முன்னால் அவளிடமிருந்து போன்.

"அத்திம்பேர், பாட்டு ஓடறது, ஆனா சத்தமே வரலை. செத்த வந்து பாருங்கோளேன்."

போனேன். பார்த்தேன். அவள் சொன்னது சரிதான் — பாட்டு ஓடுவதாகத் திரையில் கோடு நகர்கிறது, சத்தம் மட்டும் இல்லை. எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாவற்றையும் செய்தேன். வால்யூமை உச்சத்துக்கு ஏற்றினேன். ப்ளேயரை மூடித் திறந்தேன். மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தேன். கடைசியில் அந்த ப்ளேயரையே தூக்கிவிட்டு வேறு ஒன்றை டவுன்லோடு செய்து, அதிலும் வால்யூமை உச்சத்தில் வைத்தேன். ஒன்றரை மணி நேரம் இப்படிப் போயிற்று.

அப்போது உள் அறையிலிருந்து மாலதியின் மாமனார் வந்தார். எண்பத்து நாலு வயது. இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நேரமா யாரோ என் காதுக்குள்ள பாடறா. நிறுத்தச் சொல்லு" என்றார்.

விஷயம் இதுதான். மாமா புதிதாகப் போட்டிருக்கும் காது மெஷினில் ப்ளூடூத் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பேரனோடு வீடியோ காலில் பேசுவதற்காக, அது மாலதியின் லேப்டாப்போடு இணைத்து வைக்கப்பட்டிருந்தது. நான் ஏற்றிய சத்தம் பூராவும் நேராக மாமாவின் காதுக்குள் போயிருக்கிறது. அப்படி இணைத்து வைத்த புத்திசாலி யார் என்கிறீர்களா? போன மாதம் நான்தான்.

லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தேன். பாட்டு கொட்டியது. மாலதி காபி கொடுத்தாள். ஒரு விவேகமான மனிதன் காபியைக் குடித்துவிட்டு அந்த இடத்திலேயே எழுந்து வீட்டுக்குப் போயிருப்பான்.

நான் போகவில்லை. ஜெயித்த மப்பு... மற்றதையும் சரிசெய்து தருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மாலதி பாட்டுகளுக்கு வைத்திருந்த பெயர்கள்: 'ட்ராக் 1', 'ட்ராக் 1 புதுசு', 'ட்ராக் 1 இதுதான் சரி'. பாதி டெஸ்க்டாப்பில், பாதி டவுன்லோடில், ஒன்று ரேஷன் கார்டு ஸ்கேன் இருக்கிற ஃபோல்டரில். ஒரு ஒழுங்கு வேண்டாமா என்று அவளுக்கு ஒரு குட்டிப் பிரசங்கம் செய்தேன். பிறகு ஒன்பது பாட்டுக்கும் ஒழுங்காகப் பெயர் கொடுத்து, நிகழ்ச்சி வரிசைப்படி ப்ளேயரில் ஒரு லிஸ்ட் போட்டு, அதற்கு 'ஆண்டு விழா ஃபைனல்' என்று நாமகரணம் செய்து, பென் டிரைவில் ஏற்றினேன்.

சோதித்துப் பார்க்காமல் விடுவேனா? பென் டிரைவை அதே லேப்டாப்பில் செருகி லிஸ்ட்டைத் திறந்தேன். ஒன்பது பாட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஜம்மென்று ஓடின.

எதற்கும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று மாலதி கேட்டாள். எதற்கு அந்தச் சுமை, ஹாலில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, இது போதும் என்று சொல்லி, பென் டிரைவை அவள் கண் முன்னால் ஆட்டிக் காட்டினேன்.

இப்போது மேடையில் நின்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெயர் ஜெனி. அவளுடைய அம்மா ஸ்டெல்லா, மந்தைவெளியில் ஒரு தையல் கடையில் ப்ளவுஸ் தைக்கிறார். சில வருஷம் முன்புவரை அடையாற்றங்கரையில் இருந்த குடும்பம். இப்போது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில், அரசு ஒதுக்கிய அடுக்குமாடியில் வீடு. வாரம் மூன்று நாள் இரண்டு பஸ் மாறி வகுப்புக்கு வருகிறாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தனியாக ஆடப்போகிறாள்.

சிறப்பு விருந்தினராக அடையாறிலிருந்து ஒரு மூத்த நடன ஆசிரியை வந்திருந்தார். அந்த அம்மாள் வருஷத்துக்கு ஒரே ஒரு பிள்ளையைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டு தானே கற்றுக்கொடுப்பார். ஆறேகாலுக்கு வேறு விழாவுக்குக் கிளம்பியாக வேண்டியவர். அதனால்தான் ஜெனியின் நடனத்தை மாலதி முதலாவதாக வைத்திருந்தாள். இதை என்னிடம் நாலு தடவை சொல்லியும் இருந்தாள். ஸ்டெல்லா தங்கள் பிளாக்கிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டி வந்திருந்தார்.

மணி ஐந்தே முக்கால். பென் டிரைவைச் செருகினேன். லிஸ்ட் திறந்தது. ஒன்பது பெயரும் அழகாக வரிசையில் நின்றன. முதல் பெயரைத் தட்டினேன். பக்கத்தில் சிவப்பாக ஓர் ஆச்சரியக்குறி. 'ஃபைல் கிடைக்கவில்லை.' இரண்டாவதைத் தட்டினேன். அதற்கும் அதே ஆச்சரியக்குறி.

விவரம் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். என்னைப் போன்ற அரைகுறைகளுக்காகச் சொல்கிறேன் — ப்ளேயரில் நாம் போடும் லிஸ்ட்டுக்குள் பாட்டு இருக்காது. எந்தப் பாட்டு எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்ற விலாசம்தான் இருக்கும். நான் பென் டிரைவில் ஏற்றியது விலாசத்தை மட்டும். பாட்டெல்லாம் மந்தைவெளியில் லேப்டாப்பிலேயே பத்திரமாக இருந்தன. சோதித்தபோது ஓடியது ஏன்? அதே லேப்டாப்பில் அல்லவா சோதித்தேன்! பந்திக்கு மெனு கார்டைக் கொண்டுவந்து, சமையலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த கதை.

இது எனக்கு அங்கேயே புரிந்ததா? ஊஹூம். மறுபடி மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தேன். அதற்குள் ஜெனி கூப்பிய கையைக் கீழே விட்டுவிட்டாள்.

மாலதி பக்கத்தில் வந்து நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. "அத்திம்பேர், டீச்சர் கிளம்பிடுவா" என்று மட்டும் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண் மேடையில் அப்படி நின்றதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது. இதில் வேடிக்கை எதுவும் இல்லை.

ஓடிப்போய் லேப்டாப்பை எடுத்து வருகிறேன் என்று எழுந்தேன். என் மனைவி கோமதி என்னைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீங்க போனா மவுஸை மட்டும் எடுத்துண்டு வருவேள். நானே போறேன்."

ஆட்டோ பிடித்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாட வீதி நெரிசல்... போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார் ஸ்டெல்லா.

"சார், பாட்டு என் போன்ல கீது. பாப்பா வூட்ல இத்த வச்சிக்கினுதான் டெய்லி ஆடும். ஆனா கிளாஸ்ல புடிச்சது சார்... மாலதி டீச்சர் திட்றதெல்லாம் அதுல கீது. பரவால்லியா?"

நான் மாலதியைப் பார்த்தேன். அவள் ஒரு விநாடி யோசித்துவிட்டு, போடுங்கோ என்றாள். ஸ்டெல்லாவின் பழைய போனில் ஹெட்செட் வயர் செருகும் ஓட்டை இருந்தது. என்னுடைய விலை உயர்ந்த போனில் அது கிடையாது. மைக்செட்காரர் வயரைச் செருகினார்.

மிருதங்கம் இல்லை, வயலின் இல்லை. மாலதியின் குரலும், கட்டையில் தட்டும் தட்டுக்கழியின் டொக் டொக்கும் மட்டும். ஜெனி ஆட ஆரம்பித்தாள். அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஸ்பீக்கரில் மாலதியின் அதட்டல் கணீரென்று கேட்டது. "ஜெனி, முட்டிய மடக்கு."

ஹாலில் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில், கை போகிற இடத்துக்குக் கண்ணும் போக வேண்டாமா என்று ஒரு திட்டு. அப்புறம் ஒரு குக்கர் விசில். அதற்கப்புறம் மாமாவின் குரல், "மாலதி, காபி ஆச்சா?" இதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாலதி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் மேஜைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஜெனி மட்டும் சிரிக்கவில்லை, தடுமாறவும் இல்லை. அந்தக் குக்கரையும் அந்தக் காபியையும் நாலு மாதமாகத் தினமும் கேட்டு ஆடியவள். "சிரி, சிரி... அழுமூஞ்சியா நிக்காதே" என்று ஸ்பீக்கர் சொன்னபோது ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் பெரும்பாக்கத்து வரிசையிலிருந்து விசில் பறந்தது.

ஆறேகாலுக்கு அந்த ஆசிரியை எழுந்து மாலதியிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கத் தயாராக நானும் பக்கத்தில் நின்றேன்.

"முட்டிய மடக்குன்னு கத்தினியே, அப்போ அவ முட்டி மடங்கித்தான் இருந்தது. சிரின்னு சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சுண்டிருந்தா. நீ திட்டின ஒரு இடத்துலகூட அவ தப்பு பண்ணலை. வெள்ளிக்கிழமை என் ஆத்துக்கு அனுப்பு" என்றார்.

இன்னா சொல்றாங்க என்று ஸ்டெல்லா என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் போனை வயரிலிருந்து கழற்றி, முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஸ்டுடியோ பாட்டு ஓடியிருந்தால், அந்தப் பெண் எந்தெந்தத் தப்பையெல்லாம் திருத்திக்கொண்டு வந்து நிற்கிறாள் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? ஆகவே எல்லாம் என்னால்தான் என்று இங்கே எழுத ஆசை. எழுதக் கூடாது என்று கோமதியின் உத்தரவு.

அவள் ஏழு மணிக்குள் வந்துவிட்டாள். ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் மாமா. பேரனோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தவர், தனியாக இருக்க மாட்டேன், நானும் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாராம். அவரை முன் வரிசையில் உட்காரவைத்தோம். லேப்டாப்பில் வயரை நானே செருகினேன். மீதி எட்டுப் பாட்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தேன். வால்யூமை அளவாக வைத்தேன். மேடையில் ஆறு குழந்தைகள் கை கூப்பி நின்றார்கள். இந்தத் தடவை துளி சந்தேகம் இல்லாமல் தட்டினேன். கோடு நகர்ந்தது. ஹாலில் ஒரு சத்தம் இல்லை.

முன் வரிசையில் மாமா மட்டும் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.