பத்தாவது வாடிக்கையாளர்

என் வீட்டுக்காரர் பூதலிங்கம் தண்ணீரைச் சுத்தம் செய்கிற மிஷின் விற்கிறார். விற்பது தாமிரபரணிக் கரையில். அவரைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் போன மாதக் கடைசி வரைக்கும் நினைத்திருந்தேன்.

சம்பளம் கிடையாது. விற்றால் கமிஷன். பெட்ரோல், மத்தியானச் சாப்பாடு, கழுத்தில் கட்டுகிற டை எல்லாம் நம் செலவு. மாதத்துக்குப் பத்து மிஷின் விற்கவேண்டும். ஒன்பதில் நின்றால் அந்த ஒன்பதுக்கும் கமிஷன் வராது, மறு மாதம் ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். இந்தச் சட்டத்தை எழுதின புண்ணியவான் ஒரு நாளாவது சித்திரை வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியிருப்பானா? நாசமாய்ப் போக.

காலையில் பேட்டையிலிருந்து பைக்கில் கிளம்புவார். அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, இந்தப் பக்கம் ஸ்ரீவைகுண்டம் வரை போவார். ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த சனங்களிடம் அந்தத் தண்ணீர் சரியில்லை என்று சொல்லவேண்டும். "எங்க ஆத்துத் தண்ணிக்கு மிஷினா? உமக்கு வேற சோலி இல்லையா வே?" என்பார்கள். அதையும் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கேட்பார்கள். நம் பக்கம் வாசலேறி வந்தவனுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்காமல் ஏசக்கூட மாட்டார்கள்.

இவருக்குச் சிக்கலே அங்கேதான். வாடிக்கையாளர் வீட்டில் தண்ணீர் குடிக்காதே என்பதுதான் கம்பெனிப் பயிற்சியில் முதல் பாடம். குடித்துவிட்டு, அதே தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு, கரண்ட் கொடுத்துப் பழுப்பாக்கி, "பாத்தீங்களா அழுக்க?" என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நீட்டின செம்பைத் தட்ட இவருக்கு மனசு வராது. மடக் மடக்கென்று குடித்துவிடுவார். ஆழ்வார்குறிச்சியில் சித்ரலேகா என்று ஒரு ரிட்டயர்டு டீச்சர். அவர் பழுப்புத் தண்ணீரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு செம்பு குடிச்சீய. நல்லாத்தான இருக்கீய?" என்று கேட்டிருக்கிறார். "ஆமா டீச்சர், நல்லாருக்கேன்" என்று சொல்லிவிட்டு இவர் வந்துவிட்டார். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அந்த டீச்சர்தான் பத்தாவது ஆளாக இருந்திருக்கவேண்டும். ஒன்பது முடிந்திருந்தது. மறுநாள் மாதக் கடைசி.

என்னிடம் பணம் இருப்பது அவருக்குத் தெரியும். நான் ஜாக்கெட் தைக்கிறேன். பதினான்கு வருஷமாகக் கால் மிஷினை மிதித்து முட்டி இரண்டும் போய்விட்டது. மோட்டார் மிஷின் வாங்குவதற்காகச் சீட்டுப் போட்டு, அந்த வாரம்தான் எடுத்திருந்தேன். பணம் பீரோவில் சேலைக்கு அடியில் இருந்தது. கேட்டால் ஏசுவேன் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் கேட்கவில்லை. மறுநாள் காலையில் குளித்து, டை கட்டி, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைச் சாத்தினேன். உடனே காலிங்பெல் அடித்தது. திறந்தால் அவரேதான், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"என்னத்த மறந்துட்டீய?" என்றேன்.

"வணக்கம் மேடம். ஒரு அஞ்சு நிமிஷம் போதும்."

மனுஷனுக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உள்ளே வந்து, மேசைமேல் கண்ணாடித் தம்ளரை வைத்தார். எங்கள் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கம்பியை விட்டார். தண்ணீர் பழுப்பானது. பாடம் ஒப்பிப்பதுபோல மளமளவென்று பேசினார், என் முகத்தைப் பார்க்காமலே. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் ஆத்திரம். என்ன செய்வதென்று தெரியாமல், வாசலேறி வந்தவருக்குக் கொடுப்பதுபோல ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

"வேண்டாம் மேடம்" என்றார்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நான் கொடுத்த தண்ணீரை அவர் வேண்டாம் என்றது அன்றைக்குத்தான். இவ்வளவு பயந்துபோயிருக்கிறாரா! போய் பீரோவைத் திறந்தேன்.

ஃபாரத்தை அவரே நிரப்பினார். கணவர் பெயருக்குப் பதிலாக என் அப்பா பெயரை எழுதினார். விலாசத்துக்கு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிற என் அண்ணன் வீடு.

"இதென்ன கூத்து?"

"சொந்தக்காரங்க வாங்குனா கணக்குல சேக்கமாட்டான் ஏட்டி. சாயங்காலம் கம்பெனிலேருந்து போன் வரும். என்னயத் தெரியாதுன்னு சொல்லிரு. கமிஷன் வந்ததும் ஒன் பணத்தத் தந்துருதேன்."

"அப்பம் மிஷின எங்கன மாட்டுவாங்க?"

"அங்கனதான். ஒங்க அண்ணன் வீட்டுல."

என் அண்ணன் ஆற்றில் குளிக்கும்போதே அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வருகிற ஆள்.

சாயங்காலம் போன் வந்தது. சென்னைப் பேச்சு, சின்னப்பெண் குரல். ஸ்பீக்கரில் போட்டேன். இவர் எதிரே என் தையல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டையைக்கூட அவிழ்க்கவில்லை.

"ஆவுடைத்தாய் மேடமா? நீங்களா விருப்பப்பட்டுத்தானே வாங்கினீங்க? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"இல்லம்மா."

"எங்க பூதலிங்கம் எப்படி நடந்துக்கிட்டாரு?"

"மரியாதையாத்தான் நடந்துக்கிட்டாரு. தண்ணி குடுத்தேன், வேண்டாம்னுட்டாரு."

"வெரி குட் மேடம்" என்றாள் அந்தப் பெண், நிஜமாகவே சந்தோஷப்பட்டு. "அவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? சொந்தமா?"

அவரைப் பார்த்தேன். தோள் இரண்டும் ஒடுங்கி, விரலை விரலால் நெருக்கிக்கொண்டிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"இல்லம்மா" என்றேன். "யாரோ எவரோ. இன்னைக்குத்தான் பாக்கேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

போய்க் குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்தேன். செம்பை இரண்டு கையாலும் வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"எந்திரிங்க, நாளைக்கு நாலு ஜாக்கெட் குடுக்கணும்" என்றேன்.

அவர் எழுந்து ஸ்டூலை விட்டார். நான் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தேன்.