செங்கல்பட்டில் மட்டும் ஓடிய பனிக்காலக் கலர்

1. பொம்மை போஸ்டர்

தொண்ணூறுகளின் நடுவில் குளிர்பானக் கம்பெனி ஒன்றின் செங்கல்பட்டு டிப்போவில் நான் ரூட் சேல்ஸ்மேன். வேனில் மாமல்லபுரம் வரை போய்க் கடை கடையாகப் பெட்டி இறக்குவது வேலை. ஒன்றரை வருடமாக ப்ரொபேஷன். பெண் வீட்டார் ஒரே பேச்சில் நின்றார்கள்: வேலை பர்மனென்ட் ஆனால் தட்டு மாற்றலாம், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம். பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனால் அந்த டிசம்பரில் மேனேஜர் என்ன சொன்னாலும் தலையாட்டும் நிலையில் இருந்தேன்.

மேனேஜர் மேஜையில் ஒரு போஸ்டரை விரித்தார். கழுத்தில் மஃப்ளரோடு ஒரு பனிப் பொம்மை. 'பனிக்கால ஸ்பெஷல், குறுகிய காலம் மட்டும்.' ஆரஞ்சோடு பட்டை, கிராம்பு வாசனை சேர்த்த சிவப்புக் கலர். பம்பாய் ஹெட் ஆபீஸில் உட்கார்ந்து யோசித்தது. எங்கள் ஊர்ப் பனி காலை ஏழு மணிக்கே முடிந்துவிடும் சமாசாரம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"இத ஓட்டிக் காட்டுயா. உன் கன்ஃபர்மேஷன் ஆர்டர நானே டைப் அடிக்கச் சொல்றேன்" என்றார்.

"ஓடலன்னா சார்?"

"வேற வேலை பாத்துக்கோ."

இந்தக் கலருக்கென்று பூ வேலைப்பாடு போட்ட தனி பாட்டில் செய்திருந்தார்கள். அதனால் ஹெட் ஆபீஸ் ஒரு விதி போட்டது. கடையில் இறக்கியது விற்பனை ஆகாது. டிப்போவுக்குக் காலியாகத் திரும்பி வரும் பாட்டில்தான் விற்பனை. சேல்ஸ்மேன் பொய் சொல்லுவான், காலி பாட்டில் சொல்லாது என்பது அவர்கள் நம்பிக்கை.

2. காசிம் பாய் கடை

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் வழியில் காசிம் பாய் கடை. என் ரூட்டிலேயே பெரிய கடை. ஒரு பாட்டிலைத் திறந்து பாதி குடித்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது? ஜொரத்துக்குக் குடுக்கற கசாயம் கணக்கா கீது. இதுல ஐஸ்ல வேற வெக்கணுமா?"

"ஃபாரினர்ஸ் விரும்பிக் குடிப்பாங்களாம் பாய்."

"அவனே அந்தக் குளுருக்கு பயந்துகினு இங்க ஓடியாந்துகிறான். அவனாண்ட போய் பனி பொம்மைய காட்டச் சொல்றியே!"

என் கல்யாண விஷயம் அவருக்குத் தெரியும். "சரி, உனுக்காவ எடுத்துக்கறேன்" என்று பத்துப் பெட்டி வாங்கிக்கொண்டார். ஒரு வெள்ளைக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதையாகச் சிரித்தார். பாட்டிலை மதில்மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் இளநீர் வாங்கப் போய்விட்டார். உள்ளூர்க்காரர்களுக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. கலர் கெட்டுப்போய்விட்டது என்று சண்டைக்கு வந்தார்கள். மூன்று வாரத்தில் எல்லாக் கடையிலும் பெட்டிமேல் தூசிதான் ஏறியது.

ஹெட் ஆபீஸ் கணக்குக்குச் சனிக்கிழமைக்குள் காலி பாட்டில் டிப்போவுக்குத் திரும்ப வேண்டும். வியாழக்கிழமை பாய் கடையில் பெட்டிமேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"உனுக்கு இன்னா வோணும்? ஜனங்க குடிக்கணுமா, பாட்டில் காலியாவணுமா?" என்றார் பாய்.

"பாட்டில் காலியானா போதும் பாய்."

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

ஓப்பனரை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார். நானும் போனேன். இருவரும் பாட்டில் பாட்டிலாகத் திறந்து மணலில் கவிழ்த்தோம். மணல் செக்கச்செவேலென்று ஆனது. அந்தப் பக்கம் சுற்றுலாப் பயணிகளோடு வந்த கைடு ஒருவர், இது கடலம்மாவுக்குச் செய்கிற சடங்கு என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் இங்கிலீஷில் விளக்கினார். பாய் போட்டோவுக்கு நின்றார். போட்டோ ஜமாத்தில் யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆவது என்று பிறகுதான் கவலைப்பட்டார்.

அது அத்தனையும் அவர் காசு கொடுத்து வாங்கிய சரக்கு. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை. உற்சாகமாகப் போய் மற்ற கடைக்காரர்களுக்கும் அதே வழியைச் சொல்லிக்கொடுத்தேன்.

3. பாராட்டு

மற்ற டிப்போக்களில் பாட்டில்கள் மூடிகூடத் திறக்காமல் அப்படியே திரும்பின. செங்கல்பட்டில் மட்டும் ஒன்று பாக்கியில்லாமல் காலி. ஹெட் ஆபீஸிலிருந்து பாராட்டி ஃபேக்ஸ் வந்தது. அதற்கடுத்த வாரம் டிப்போ வாசலில் மூன்று லாரிகள் வந்து நின்றன. மற்ற ஊர்களில் விற்காத பனிக்காலக் கலர் முழுவதும் அதில் இருந்தது. 'உங்கள் பகுதி மக்களின் தேவையை முன்னிட்டு' என்று கடிதம் வேறு.

மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"சார், ஒருத்தரும் குடிக்கல. கொட்டினோம்."

அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்குத் தெரியாதாயா? என் வூட்டுக்கு எடுத்தும்போன பெட்டிய நானே கொட்னேன். பம்பாய்ல இந்த ஃப்ளேவர் கண்டுபிடிச்சவருக்கு ப்ரமோஷன் வந்துடுச்சு. இப்ப போய் யாரும் குடிக்கலன்னு எழுதுனா உன் ஆர்டர் இன்னாவும்?"

நான் எழுதவில்லை. டிப்போவுக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் பொங்கல் வரை என் கையாலேயே கொட்டினேன். ஆர்டர் வந்தது. மாசியில் கல்யாணமும் நடந்தது.

4. மறு டிசம்பர்

புதுப் போஸ்டர் வந்தது. அதே பொம்மை, அதே மஃப்ளர். மேலே பெரிய எழுத்தில், 'மக்களின் பேராதரவால் மீண்டும்!'

பாய் எழுத்துக்கூட்டிப் படித்தார். "யார்பா அந்த மக்கள்?"

"நான்தான் பாய்."

அவர் சிரிக்கவில்லை. "போன தபா உன் கண்ணாலத்துக்குக் கொட்னேன். இந்த தபா கொயந்தைக்குப் பேர் வெக்கக் கொட்டணுமா?"

அவமானத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று மாலையே ஹெட் ஆபீஸுக்கு நேராக எழுதினேன்: இந்தக் கலரை எங்கள் பகுதியில் யாரும் குடிக்கவில்லை, சென்ற ஆண்டும் கொட்டத்தான் செய்தோம். ஒரு மாதத்தில் கலரை நிறுத்திவிட்டார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜர் மட்டும், "இத போன வருஷமே சொல்லியிருக்கலாமேயா" என்றார்.

புதிதாக விற்பனை வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. ரிப்போர்ட்டில் உண்மையை ப்ரொபேஷனில் இருக்கும்போதே எழுதுங்கள் என்பேன். பர்மனென்ட் ஆன பிறகு எழுத எந்தத் துணிச்சலும் வேண்டாம். அதற்குள் யாரோ ஒரு பாய் நமக்காகத் தன் சரக்கைக் கொட்டி முடித்திருப்பார்.