மூன்று துவக்குகளும் கன்றிப்போன ஒரு தோளும்

ஹோர்சன்ஸ் என்ற டேனிஷ் நகரத்துப் பக்கத்தில் இருக்கும் துவக்குச் சுடும் திடலுக்கு எப்படிப் போவது என்று கடந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூவரும் சங்கத்தில் சேர்ந்து குறிபார்த்துச் சுடப் பழக விரும்புகிறவர்கள். நான் அங்கே போனது ஒரே ஒரு தடவை, 1988ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். எனக்கு எழுதவோ வாசிக்கவோ வராது, இலக்கம் மட்டும் வரும். நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ரெஜினா தட்டெழுதித் தன் வலைப்பூவில் போடுகிறாள். ஆகவே நேரம், தூரம், காசு எல்லாம் சரியாக இருக்கும். எழுத்துப் பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

அப்போது நான் ஹொல்ஸ்டெப்ரோவில் இரும்புக் கதிரை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். மனைவி திரேசாவும் மகளும் ஊரில், மன்னார்ப் பக்கம் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தை ஏப்ரலில் கொடுத்திருந்தேன். ஆறு மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பொலிஸிலிருந்து கடிதம் வந்தது: புதன்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று தொழிற்சாலையிலிருந்து ஒரு தாள் கொண்டுபோக வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்து வைக்க வேண்டியவர் எங்கள் மேற்பார்வையாளர் யென்ஸ்.

வியாழக்கிழமை தாளைக் கேட்கப் போனேன். யென்ஸ், "தருகிறேன், தருகிறேன்" என்று சொல்லிவிட்டு, "நீ எப்போதாவது துவக்குத் தொட்டிருக்கிறாயா?" என்று கேட்டார். எனக்குப் புதன்கிழமை விசாரணைதான் நினைவுக்கு வந்தது. "இல்லை, ஒருநாளும் இல்லை" என்றேன். "நல்லது, அப்படி ஒருவன்தான் வேண்டும். சனிக்கிழமை என்னோடு வா" என்றார்.

விடயம் இதுதான். ஹோர்சன்ஸுக்கு வெளியே இருந்த அவருடைய சங்கம் புதியவர்கள் பழகுவதற்கு மலிவான பழைய இராணுவத் துவக்கு ஒன்று வாங்க இருந்தது. மூன்று துவக்குகள் பார்வைக்கு வந்திருந்தன. மூன்றும் விசையை இழுக்க இழுக்கத் தானாகவே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் வகை. எது துல்லியம் என்று யென்ஸ் சுட்டுப் பார்ப்பார். எது புதியவன் கைக்குச் சரிவரும் என்று பார்க்க, துவக்கே தொடாத ஓர் ஆள் வேண்டும். இதை யென்ஸ் இரண்டு தடவை விளங்கப்படுத்தினார். எனக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியதெல்லாம், புதன்கிழமை விசாரணை, சனிக்கிழமை கையில் துவக்கைத் தந்து, நான் ஆயுத இயக்கத்து ஆளா என்று பார்க்கப்போகிறார்கள் என்பதுதான்.

என்னோடு வேலை செய்த சூசை அண்ணையிடம் ஓடினேன். அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர், டேனிஷ் கொஞ்சம் கதைப்பார்.

"போகாட்டி என்ன நடக்கும் அண்ணை?"

"போகாட்டித் தாள் இல்ல. போனா, நீ துவக்கைப் பிடிக்கிற பிடியைப் பாத்தே ஆள் ஆரெண்டு கண்டுபிடிச்சிடுவாங்கள். நானும் வாறன். நீ தனியப் போய் வாயைக் குடுத்து மாட்டாதை."

சனிக்கிழமை காலை 7.10க்கு யென்ஸின் காரில் புறப்பட்டோம். ஹெர்னிங் வழியாக 115 கிலோமீற்றர். இடையில் ஒரு பெற்றோல் நிலையத்தில் பன்னிரண்டு நிமிடம் நின்றோம். கோப்பி ஒன்று ஆறு குரோனர், யென்ஸே கொடுத்தார். அவர் காசு கொடுக்கப் போன இடைவெளியில் சூசை அண்ணை என் காதில், "நல்லாச் சுட்டிடாதை. தூரத் தள்ளியே அடி" என்றார். வழியில் வெட்டி முடித்த வயல்களும் பன்றிக் கொட்டில்களும்தான். வேறு நாளென்றால் ரசித்திருப்பேன். 9.05க்குத் திடலுக்குள் கார் திரும்பியது.

பச்சை நிற மரக் கொட்டில் ஒன்று, அதற்கு முன்னால் நீளப் புல்வெளி, 200 மீற்றருக்கு அப்பால் ஒரு மண்மேடு. வாசலில் ஒரு கிழவி விருந்தாளிகள் புத்தகத்தை நீட்டினார். பெயர், விலாசம், பிறந்த திகதி எல்லாம் எழுத வேண்டும். சூசை அண்ணை எழுதினார். நான் கோடு கோடாக வரையப் பழகியிருந்த என் பெயரைக் கீழே வரைந்தேன். ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு என்றால் முதலில் பெயரைத்தான் பதிவார்கள். பேனாவை வைத்தபோது என் விரலில் இருந்த ஈரம் தாளில் ஒட்டியிருந்தது.

யென்ஸ் மணல்மூட்டையில் துவக்கை வைத்துப் படுத்தார். முதல் சூடு வெடித்தது. நானும் சூசை அண்ணையும் ஒரே நேரத்தில் தரையில் முகம் குப்புறக் கிடந்தோம். அங்கே நின்ற சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். பிறகு நாங்கள் எழும்பாமல் கிடப்பதைக் கண்டு சிரிப்பை நிறுத்தினார்கள். புத்தகம் நீட்டிய அந்தக் கிழவி வந்து, குனிந்து, எங்கள் இருவருக்கும் காதுமூடியைப் போட்டுவிட்டார்.

இனி, கேட்டவர்களுக்காகக் கணக்கு. ஒவ்வொரு துவக்கிலும் ஐந்தைந்து சூடாக மூன்று தடவை. ஒவ்வொரு ஐந்திலும் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளுக்கு இடையே இரும்பு அடிமட்டம் வைத்து அளந்தார்கள். அமெரிக்கத் துவக்கு, விலை 1,400 குரோனர்: 14, 13, 16 சென்ரிமீற்றர். ரவை முடிந்ததும் தகரக் கூடு ஒன்று டிங் என்று வெளியே பாயும். சுவீடன் துவக்கு, 950 குரோனர்: 9, 10, 9. மூன்றிலும் அதுதான் துல்லியம். ஆனால் சுட்டு முடிந்த ரவையின் வெற்றுக்கோதுகளைப் பக்கத்தில் நிற்பவன் மேல் எறியும். சூசை அண்ணையின் கழுத்தில் ஒன்று விழுந்து தோலைச் சுட்டது. பெல்ஜியம் துவக்கு, 1,700 குரோனர்: 12, 12, 19. குழல் சூடேறினால் அதற்குப் புத்தி மாறிவிடும்.

பிறகு என் முறை. சுவீடன் துவக்கை முதலில் தந்தார்கள். வேண்டுமென்றே இடப்பக்கம் தள்ளிப் பிடித்தேன். ஐந்தும் மண்மேட்டுக்குள் போயின. மனம் கொஞ்சம் ஆறியது. அடுத்தது அமெரிக்கத் துவக்கு. இடது வலது ஒன்றும் நினைவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஐந்து தடவை விசையை இழுத்தேன். தூரத்தில் குறிப்பலகை பார்த்தவர் கையைத் தூக்கிக் கத்தினார். மூன்று சூடு நடுக் கறுப்பில்.

"பொய்க்காரா! எங்கே பழகினாய்?" என்று ஒருவர் என் முதுகில் தட்டினார்.

 சூசை அண்ணையைப் பார்த்தேன். அவர், "தள்ளி அடி எண்டெல்லோ சொன்னனான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"நான் அடிக்கேல்லை அண்ணை, அது தானாப் போய்ப் பட்டது."

"இதை அவங்களுக்குச் சொல்லன், நம்புவாங்கள்!"

அப்போது யென்ஸ் ஏதோ சொல்ல எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சூசை அண்ணை மொழிபெயர்த்தார்: "நீ கண்ணை மூடிக்கொண்டு சுட்டதை அவர் பாத்தவராம். கண்ணை மூடிச் சுடுறவனுக்கே படுகுதெண்டால் இதைத்தான் வாங்கோணுமாம்." மூச்சு விட்டேன். பெல்ஜியம் துவக்கில் ஐந்தும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. யென்ஸ் ஒவ்வொரு தடவையும், "தோளோடு இறுக்கி வை" என்று கத்தினார். அந்தச் சாமானை உடம்போடு அணைக்க எனக்கு மனம் வரவில்லை. விரலளவு தள்ளியே பிடித்தேன். பதினைந்து தடவையும் துவக்கின் சோங்கு என்ற அடிக்கட்டை கழுதைபோல் உதைத்தது.

அமெரிக்கத் துவக்கையே வாங்குவதாகக் கைதூக்கி முடிவெடுத்தார்கள். யென்ஸ் அந்தத் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அங்கேயே தந்தார். வெள்ளிக்கிழமையே கையெழுத்து வைத்துவிட்டாராம். அவர் தம்பி வீட்டில் தங்கப் போவதால் எங்களை ஹோர்சன்ஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். திடலிலிருந்து 7 கிலோமீற்றர். ஆளுக்கு 86 குரோனருக்குச் சீட்டு எடுத்து, 15.12 ரயிலில் ஏறி, வைலெயில் மாறினோம்.

வைலெ தாண்டியதும் மேலங்கியைக் கழற்றக் கையைத் தூக்கினேன். தூக்க முடியவில்லை. சூசை அண்ணை என்னைக் கழிவறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைப் பூட்டி, சட்டையை விலக்கிப் பார்த்தார். வலத்தோளில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமும் கறுப்புமாகக் கன்றியிருந்தது.

"ஐயோ மரியான்," என்றார். "புதன்கிழமை பொலிஸ்."

அவர் மேலே எதுவும் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊரில் ஆமி பிடித்து வரிசையாக நிறுத்தினால் வாயால் கேட்கமாட்டார்கள். சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். முழங்கை, முழங்கால், தோள். துவக்கு உதைத்த தழும்பு தோளில் இருந்தால் அவன் இயக்கம். எங்கள் வீட்டு ஒழுங்கையிலிருந்து அப்படிக் கொண்டுபோன இரண்டு பேரை நான் என் கண்ணால் பார்த்தவன். கதவில் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் சீருடை போட்ட ஓர் ஆள். சீட்டுப் பரிசோதகர். ஒரே கழிவறைக்குள் இரண்டு ஆண்கள், ஒருவருக்குச் சட்டை இல்லை. அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, சீட்டுகளில் துளையிட்டுவிட்டுப் போனார். 17.48க்கு ஹொல்ஸ்டெப்ரோவில் இறங்கினோம்.

நான்கு நாள் உருளைக்கிழங்கு வெட்டி வைத்துக் கட்டினேன், ஐஸ் வைத்தேன், சித்தாலேப தைலம் தடவினேன். புதன்கிழமை காலையில் நீலம் மஞ்சளாகி இன்னும் அகலமாகத் தெரிந்தது. மூன்று சட்டை போட்டு, மேலே அங்கியும் போட்டுப் போனேன்.

அறையில் பொலிஸ்காரர் ஒருவர், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், ஒரு தட்டச்சு இயந்திரம். பொலிஸ்காரர் யென்ஸின் தாளைப் பார்த்தார். கலியாணம் எப்போது, மகளுக்கு எத்தனை வயது, வீட்டில் எத்தனை அறை என்று கேட்டார். அறை சூடாக இருந்தது. "அங்கியைக் கழற்றலாமே" என்றார். "வேண்டாம்" என்றேன். சிறிது நேரத்தால் மறுபடியும் சொன்னார். என் நெற்றியிலிருந்து வியர்வை மேசையில் சொட்டியது. மூன்றாம் தடவை அவர் வாயைத் திறந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. எழும்பி நின்று, அங்கியையும் மூன்று சட்டையையும் விலக்கித் தோளைக் காட்டினேன்.

"நான் இயக்கத்தில இல்ல ஐயா! யென்ஸ் சுடச் சொன்னவர். கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டனான். கேட்டுப் பாருங்கோ!"

மொழிபெயர்ப்பாளர், "அண்ணை, உங்களை ஒருத்தரும் சட்டையைக் கழட்டச் சொல்லேல்லை. வேர்க்குது எண்டுதான் அங்கியைக் கழட்டச் சொன்னவர்" என்றார். பிறகு நான் சொன்னதை டேனிஷில் சொன்னார். பொலிஸ்காரர் என் தோளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். நான்கு வரி தட்டினார். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். என்ன வரி என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. கேட்கவும் பயம்.

அதற்குப் பிறகு நொவெம்பர், டிசெம்பர், புது வருடம் எல்லாம் போயின. பதில் இல்லை. மற்றவர்களுடைய விண்ணப்பங்களுக்கும் பதில் இல்லை என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கு வேறு காரணம் இருக்கும், எனக்கு அந்த நான்கு வரி என்று நினைத்தேன். ஊரில் ஷெல் விழுந்தது என்று கேட்கும்போதெல்லாம் என் வலத்தோள்தான் திரேசாவையும் மகளையும் அங்கே இருத்தி வைத்திருக்கிறது என்று நினைப்பேன். கடிதம் எழுதத் தெரியாததால் திரேசாவுக்கு மாதம் ஒரு கசெட் பேசி அனுப்புவேன். மழையையும் குளிரையும் கதிரைகளையும் பற்றிப் பேசினேன். இதைப் பேசவில்லை.

மறுவருடம் தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் அரசாங்கத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்ற கதை வெளியே வந்தது. மே மாதத்தில், அகதிகளுக்கு உதவி செய்யும் டேனிஷ் பெண் ஒருவர் என் கோப்பின் பிரதியை எடுத்துவைத்து எங்களைக் கூப்பிட்டார். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்தார், சூசை அண்ணை தமிழில் சொன்னார். கடைசி நான்கு வரி: ஆளுக்கு நிரந்தர வேலை உண்டு. இரண்டறை வீடு உண்டு. சொன்னவை நம்பத்தக்கவை. மனைவியும் மகளும் வருவதற்கு இந்த நிலையத்துக்கு மறுப்பு இல்லை.

"தோளைப் பற்றி என்ன கிடக்கு எண்டு கேளுங்கோ அண்ணை."

சூசை அண்ணை கேட்டார். அந்தப் பெண் தாளைத் திருப்பிப் பார்த்தார், முன்பக்கம் பார்த்தார். "எந்தத் தோள்?" என்றார்.

நான் கதிரையில் இருந்தபடியே அழுதேன். சூசை அண்ணை என்னைப் பார்க்காமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போக இருப்பவர்களுக்கு: ரயிலில் போவதானால் வைலெயில் மாறும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், நிலையத்திலிருந்து திடலுக்கு வாடகைக் கார் நல்லது. சங்கத்துக்கு முதலில் தொலைபேசி எடுத்து, விருந்தாளிகளை விடுவார்களா என்று கேளுங்கள். எந்தத் துவக்குக்கு என்ன அனுமதி என்பது இப்போது மாறிவிட்டது. அடையாள அட்டை கொண்டுபோங்கள். தடித்த சட்டை போடுங்கள், சோங்கைத் தோளோடு இறுக்குங்கள். கன்றினால் ஆறேழு நாளில் போய்விடும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களைக் கூட்டிப்போனால், சத்தத்தையும் பெயர் எழுதும் புத்தகத்தையும் பற்றி வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். விழுந்து படுத்தால் சிரிக்காதீர்கள்.

திரேசாவும் மகளும் 1989 செப்ரெம்பரில் வந்து சேர்ந்தார்கள். வந்த இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டில் முழுக் கதையையும் சொன்னேன். திரேசா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப கசெட்டில உங்கட குரல் நடுங்கினது இதுக்கோ? நான் இஞ்ச ஒரு வெள்ளைக்காரி இருக்கிறாள் எண்டெல்லோ நினைச்சு, பிள்ளைக்குத் தெரியாம ஏழு மாசம் அழுதுகொண்டு கிடந்தனான்!"