முதுகு தெரிந்த போஸ்டர்

வர்ணம் காயாத அந்தத் தாள் காற்றில் பறந்துவிடாமல் இருக்க, நான்கு மூலையிலும் கல் வைத்தது நான்தான். மதினியின் காம்பிரா வாசலில் அதை விரித்திருந்தார்கள். மதினி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்காள். புருஷன் இல்லாதவர், இரண்டு பிள்ளைகள். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய ஒரே லயத்தில், அடுத்தடுத்த ஒற்றை அறைக் காம்பிராவில் இருந்தோம். மாவுக்கும் அரிசிக்கும் அலைந்த எழுபதுகள் அவை.

கண்டியில் படிக்கிற பிள்ளைகள் சிலர் கமெராவோடு வந்து, எங்கள் லயத்தைச் சினிமாப் படமாகப் பிடித்தார்கள். கேள்வி கேட்டதும் நாங்கள் எல்லோரும் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டோம். மதினி மட்டும் நின்று பேசினார். இத்தனை குடும்பத்துக்கும் தண்ணீர் பிடிக்க ஒரே பீலி, மழை பெய்தால் ஒழுகும் தகரம், காய்ச்சலிலும் வேலைக்குப் போக வேண்டியது என்று ஒன்றையும் விடவில்லை. படத்தைக் கல்லூரி மண்டபத்தில்தான் காட்டுவார்கள், அங்கே தோட்டத்துத் துரை வரப்போவதில்லை. ஆனால் படத்துக்கான போஸ்டரை மாத்தளை பஸ் நிலையத்திலும் ஒட்டுவோம் என்று, அதை வரைகிற பிள்ளை சொன்னாள். வாசலில் விரித்திருந்த முதல் தாளில் மதினியின் முகம் இருந்தது.

"மூஞ்சி வேணாம்மா. தொர பாத்தா பேரு வெட்டி வேலைய நிறுத்திருவாரு. பேரு போனா காம்பிராவும் போயிரும். ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு நா எங்க போவேன்?"

அந்தப் பிள்ளை இன்னொரு தாளில் வெறும் தேயிலைச் செடிகளை வரைந்தாள். அவளுக்கே பிடிக்கவில்லை. "தேத்தூள் வெளம்பரம் மாதிரி இருக்குக்கா" என்றாள்.

"அதுக்கு ஒரு பொம்பள பல்லு பூரா காட்டிச் சிரிக்கணுமே. அட்ட கடிக்கையில எங்க பல்ல வந்து பாக்கச் சொல்லு" என்றார் மதினி.

அப்போதுதான், யாரிடமும் வாய் திறக்காத நான் திறந்தேன். "பின்னுக்கு நின்னு வரைஞ்சா என்ன? கூடை தெரியும், மூஞ்சி தெரியாது."

எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. மதினி கூடையோடு திரும்பி நிற்க, தலையில் மாட்டிய கூடைக் கயிறு, இடுப்பில் சுற்றிய சாக்கு, சற்று இறங்கிய இடது தோள் எல்லாம் அப்படியே தாளில் வந்தன. எவ்வளவு அச்சு அசலாக வரைகிறாள் என்று வியந்தேனே தவிர, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாத்தளைச் சந்தைக்குப் போய்வந்த கங்காணி, மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பிரிக்கும்போது, கணக்கப்பிள்ளைக்கு முன்னாலேயே மதினியிடம் கேட்டார்.

"என்னா புள்ள, ஒம் முதுகு டவுனுல தொங்குது?"

பெண்கள் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் பேரை வெட்டிவிட்டார்கள்.

மலையில் நிரை பிடித்து மேலே ஏறிக்கொண்டே கொழுந்து பறிப்போம். கங்காணி கீழே நின்று சத்தம் போடுவார். இருபது வருஷமாக அவர் பார்த்தது எங்கள் முதுகைத்தான். நாங்களும் அப்படித்தான், மேல் நிரையில் போவது யார் என்று தோளைப் பார்த்தே சொல்லிவிடுவோம். முகத்தைப் போட்டிருந்தால்கூட வேறு யாரோ என்று சாதித்திருக்கலாம். படித்த பிள்ளைக்கு இது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மதினி கலேவெலப் பக்கம் மிளகாய்த் தோட்டத்துக்குக் களை பிடுங்கப் போனார். சட்டிபானையை பஸ் வரைக்கும் சுமந்துபோனேன். என் தப்பைச் சொல்ல அன்று வாய் வரவில்லை. பல வருஷம் கழித்து அவரைப் பார்க்கப் போனபோதுதான் சொன்னேன். அப்போது அவர் முற்றத்தில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். வெயில் அவரைக் கறுக்க வைத்திருந்தது.

"மதினி, முதுகப் போடச் சொன்னது நாந்தான்."

"நா பக்கத்துலதானே இருந்தேன். நானுந்தான் சரின்னேன்." இரண்டு மிளகாய் கிள்ளிய பிறகு கேட்டார். "அந்தப் படத்த நீ பாத்தியா?"

"இல்ல மதினி."

"நானும் பாக்கல. நா பேசுனத வச்சாங்களோ, வெட்டிட்டாங்களோ."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் காம்பு கிள்ளினேன். இன்றுவரை எனக்கும் தெரியாது.